காரியாபட்டி டீக்கடையும் 650 சிசி கனவும்!

மதுரையில இருந்து தூத்துக்குடி நாலுவழிச் சாலையைப் பிடிச்சு அருப்புக்கோட்டை பக்கமா விரட்டினா, அரை மணி நேரத்துல காரியாபட்டி. ஊருக்குள்ள நுழைஞ்சதும் வண்டியை ஓரமா நிறுத்துங்க. டீ சொல்லுங்க. பக்கத்து பெஞ்சுல காலேஜ் பசங்க நாலு பேர் உட்கார்ந்திருப்பாங்க. காதைக் கொடுத்துக் கேளுங்க.

''மச்சி, அடுத்த ஹிமாலயன்ல ரெட்டை சிலிண்டராம்டா!''

''650ஆ?''

''இல்லடா, 750ங்கிறாய்ங்க!''

ஓரகடமும் வல்லம் வடகாலும் இங்கிருந்து பல நூறு கிலோமீட்டர். ஆனா அங்கே ராயல் என்ஃபீல்ட் தொழிற்சாலையில என்ன இன்ஜின் உருவாகுதுன்னு நம்ம டீ மாஸ்டருக்கே தெரியும்! வதந்திக்கு மட்டும் மைலேஜ் ஜாஸ்தி பாஸ்!

சிரிக்காதீங்க. நானும் அந்த பெஞ்சுல உட்கார்ந்து எழுந்தவன்தான். நான் படிச்ச காலத்துல ஊரெல்லாம் ஒரே பேச்சு: ''என்ஃபீல்ட்ல 750 சிசி ட்வின் வருது!'' மூணு நண்பர்கள் சேர்ந்து தனுஷ்கோடி போறதா திட்டம். ஒருத்தன் வாங்குவான், மத்தவங்க மாத்தி மாத்தி ஓட்டணும். அதுவரைக்கும் அப்பாவோட ஸ்ப்ளெண்டர்ல போகக்கூடாதுன்னு சபதம் வேற!

என்ன நடந்துச்சு? 2017 ஏப்ரல்ல படிப்பு முடிஞ்சது. அந்த நவம்பர்ல இத்தாலியின் மிலான் கண்காட்சியில வண்டியைக் காட்டினாங்க. 750 இல்லை, 648 சிசி. 47 குதிரைசக்தி. இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடின்னு ரெண்டு மாடல். 2018 நவம்பர்ல நம்ம ஊர் ஷோரூமுக்கு வந்தப்ப ஒருத்தன் துபாய்ல, ஒருத்தன் பெங்களூருல. தனுஷ்கோடி இன்னும் பாக்கி.

அதுக்காக வதந்தி எல்லாமே பொய்யின்னு தள்ளிடவும் முடியாது. 2016ல வந்த ஹிமாலயன் 411 சிசி. காத்தால மட்டும் குளிரக்கூடிய இன்ஜினோட, ஆயில் கூலர் துணை. ''அடுத்தது 450, தண்ணியில குளிரும்''னு சொன்னாங்க. 2023 நவம்பர்ல 452 சிசி, 40 குதிரைசக்தி, ரேடியேட்டரோட வந்தே விட்டது. ஆக, டீக்கடைச் செய்தி பாதி பலிக்கும். எந்தப் பாதின்னுதான் முன்கூட்டித் தெரியாது!

யாரும் நம்ப மாட்டாங்கன்னு நினைக்கிற ஒண்ணு நிஜமாவே நடந்திருக்கு, தெரியுமா? டீசல் புல்லட்! 'டாரஸ்'னு பேரு. 325 சிசி, வெறும் ஆறரை குதிரைசக்தி. பம்ப்செட் மாதிரி டகடகன்னு ஓடும். வேகம் கேட்காதீங்க, மைலேஜ் மட்டும் கேளுங்க. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகினதும் 2000 வாக்குல அந்தக் கதை முடிஞ்சது. உங்க ஊர் பெரியவங்களைக் கேளுங்க, கண்ணு மின்னும்.

சரி, டீ ஆறுது. கிளம்பலாமா?

நாலுவழிச் சாலையை விட்டுட்டு திருச்சுழி ரோட்டைப் பிடிங்க. ரெண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுநடுவே பருத்தி. திருச்சுழியில பூமிநாதர் கோயில், ரமண மகரிஷி 1879ல பிறந்த ஊர். பக்கத்துலேயே குண்டாறு. பேருக்குத்தான் ஆறு, பெரும்பாலான நாள் மணல்தான்.

இங்கேதான் உங்க கனவு இன்ஜினுக்குப் பரீட்சை. ஆட்டுக்கூட்டம் குறுக்கே வரும், எதிர்ல வைக்கோல் டிராக்டர் வரும், திடீர்னு மணல் வரும். 47 குதிரையில முக்கால்வாசி லாயத்துலயே தூங்கும்! மெதுவாப் போகும்போதும் இழுக்கிற முறுக்குவிசைதான் இந்த ரோட்டுல பேசும். மணல்ல வண்டி சாஞ்சா? ஹிமாலயன் 450 எடை 196 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112தான். தூக்கி நிறுத்தப் போறது வதந்தி சொன்னவன் இல்லை, நீங்க!

திருச்சுழியில இருந்து அருப்புக்கோட்டை. தறிச்சத்தம் கேட்டுட்டே தாண்டினா பாலவநத்தம், விருதுநகர். பொரிச்ச புரோட்டா சாப்பிடாம வந்தா உங்க மேல கேஸ் போடலாம். அப்புறம் ஆமத்தூர் வழியா சிவகாசி. ஒரு வேண்டுகோள்: பட்டாசு ஆலைகள் பக்கம் சைலன்சர்ல வெடிச்சத்தம் எழுப்பி ஹீரோ ஆகாதீங்க, சிகரெட்டையும் எடுக்காதீங்க. அங்க வேலை செய்யறவங்களுக்கு அந்தச் சத்தம் விளையாட்டு இல்லை. ஒவ்வொரு வெடிவிபத்துலயும் யாரோ ஒருத்தரோட அம்மாவும் அக்காவும் உள்ளே இருந்திருக்காங்க.

ஒரு கணக்கு, வீட்டுல பேசறதுக்கு முன்னாடி. 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சது. 350ஐத் தாண்டினா 40 சதவீதம். அதனாலதான் இப்ப டீக்கடைப் பேச்சும் மாறிப்போச்சு: ''390 இன்ஜினைச் சுருக்கி 350க்குள்ள கொண்டு வர்றாய்ங்களாம்!'' வரலாம், வராமலும் போகலாம். ஆனா தவணை மட்டும் மாசா மாசம் தவறாம வரும். அதைக் கட்டப்போறது பெரும்பாலும் உங்க அப்பா.

புது வண்டி ஆசைப்படாதீங்கன்னு சொல்லலை. ஆசைப்படுங்க. பேசுங்க, சண்டை போடுங்க, டீக்கடைக்கே அதுதானே அழகு! ஆனா இன்ஜின் வரட்டும்னு பயணத்தைத் தள்ளிப் போடாதீங்க. இன்ஜின் என்னைக்காவது வந்துடும். பக்கத்து பெஞ்சுல இருக்கிற நாலு பேரும் அப்ப ஒரே ஊர்ல இருப்பாங்களா?

போன மாசம் அப்பாவோட ஸ்ப்ளெண்டரை எடுத்துட்டு இந்த ரூட்டைச் சுத்தி வந்தேன். 97 சிசி. ஐம்பது கிலோமீட்டர் வேகம். குறையே இல்லை, பின் சீட்டு காலியா இருந்ததைத் தவிர.

வர்ற ஞாயித்துக்கிழமை உங்க பின் சீட்டுல யாரு? ரெண்டு ஹெல்மெட் எடுத்துக்குங்க!