தேன்குழல் அச்சு

காரைப் பற்றி எழுதினால் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இதில் முறுக்கு பிழிவது வருகிறது.

2023 கோடையில் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் அண்ணன் பையன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். பையன் என்றால் நாற்பதைத் தொடப்போகும் பையன். வீட்டில் இரண்டு கார். ஒன்று பெரியது, சாது, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் காஸ்ட்கோவுக்கும் போவது. மற்றது 2007 நிஸான் 350 ஸீ. இரண்டே ஸீட். 3.5 லிட்டர் வி6 எஞ்சின், 306 குதிரைத்திறன். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. தினம் ஆபீஸுக்கு அதில்தான் போகிறான். அதற்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு அதில் ஏற முடிந்தது. இறங்கத்தான் ஒரு ஆள் தேவைப்பட்டது.

நான் போய்ச் சேர்ந்த வாரம் அதன் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தான். 'பி 0420' என்று வந்தது. கேடலிடிக் கன்வெர்ட்டரின் திறமை குறைந்துவிட்டது என்று அர்த்தமாம். பதினாறு வருஷம் உழைத்த சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கும் அதே வயதில் மூட்டுவலி வந்திருந்தால் புகார் செய்திருப்பேன், வேறு விஷயம்.

கேடலிடிக் கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயின் நடுவில் இருக்கும் ஒரு தகர டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கட்டி. சதுர அங்குலத்துக்கு 400, 600 என்று பொடிப்பொடியாக நீளவாக்கில் துளைகள். துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். எல்லாம் சேர்ந்து சில கிராம்தான், ஆனால் தங்கத்தோடு போட்டிபோடும் உலோகங்கள். 2021-ல் ரோடியம் அவுன்ஸ் 20,000 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவில் ராத்திரியோடு ராத்திரியாகக் காருக்கடியில் படுத்து இந்த டப்பாவை அறுத்துக்கொண்டு போனார்கள் என்று படித்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதுதான். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் மூன்றும் இந்தச் சுவர்களில் உரசிக்கொண்டு போகும்போது பெரும்பாலும் கரியமில வாயு, தண்ணீர், நைட்ரஜன் என்று மாறிவிடுகின்றன.

புதுசாக ஒரிஜினல் டப்பா வாங்கலாம். விலை கசக்கும். பையன் வேறு திட்டம் வைத்திருந்தான்.

"ஹைஃப்ளோ போடப்போறேன் சித்தப்பா."

இங்கேதான் முறுக்கு. ஓமப்பொடி அச்சில் மாவைப் பிழிந்திருக்கிறீர்களா? தோள்பட்டை கழன்றுவிடும். அதே மாவைத் தேன்குழல் அச்சில் போட்டால் சுலபமாக இறங்கும். கம்பெனி டப்பா ஓமப்பொடி அச்சு. ஹைஃப்ளோ தேன்குழல் அச்சு; சதுர அங்குலத்துக்கு 200 துளை, அவ்வளவுதான். எஞ்சின் சுலபமாக மூச்சு விடும், கொஞ்சம் குதிரை கூடும்.

"அப்படின்னா பின்னால இருக்கிற சைலன்ஸரையும் மாத்தணுமே?" என்றேன். எனக்கும் கொஞ்சம் இஞ்சினீயரிங் தெரியும் என்று காட்டவேண்டாமா?

"அதைத் தொடமாட்டேன். ஸ்டாக் எக்ஸாஸ்ட் அப்படியே இருக்கட்டும். சத்தம் வந்தா அப்பா தூக்கம் கெடும்."

அண்ணாவின் அறை கீழே, கார் நிற்கும் இடத்தைப் பார்த்த ஜன்னல். காலை ஆறரைக்கு இவன் வண்டியைக் கிளப்பி, ஒரு நிமிஷம் சூடாக விட்டுப் புறப்படுவான். சைலன்ஸரை மாற்றினால் தெருவே எழுந்துகொள்ளும். அதனால் டப்பா மட்டும் புதுசு, பின்னால் எல்லாம் கம்பெனி கொடுத்தபடி. இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்கள் நடுவே இது பிரபலமான ஏற்பாடாம். குழாயில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு வால்வை மட்டும் பெரிதாக மாற்றுவது போலத்தானே என்று கேட்டேன். முழுக்க அப்படியில்லை என்றான். எஞ்சினுக்குப் பக்கத்தில் புகை கொதித்துப் பருத்து வருகிறது, அங்கே அடைப்பைக் குறைத்தால் கொஞ்சமாவது பலன் உண்டு. பின்னால் போகப்போக அது ஆறிச் சுருங்கிவிடுகிறது என்றான். ஓரளவு சரிதான்.

டப்பாக்கள் வந்தன. வி6 என்பதால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பளபளவென்று, நகைக்கடையில் வைக்கலாம் போல. பெட்டியின் ஓரத்தில் எறும்பெழுத்தில் 'பந்தயத் திடலுக்கு மட்டும், பொதுச்சாலைக்கு அல்ல' என்று ஒரு வரி. கடைப் பெயர் நமக்கு வேண்டாம். ஒரு சனிக்கிழமை முழுக்க அவன் காருக்கடியில் கிடந்தான். நான் டார்ச் பிடித்தேன்.

முன்னும் பின்னும் டைனோவில் ஏற்றி அளந்தான். டைனோ என்பது காருக்கான டிரெட்மில். சக்கரத்தில் 258 குதிரை இருந்தது, 264 ஆயிற்று. ஆறு குதிரை! டைனோ ஆசாமி மெக்ஸிகோக்காரர், நல்ல மனிதர். "இன்று காலை கொஞ்சம் குளிர், அதிலேயே இரண்டு மூன்று வரும்" என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லவேண்டும். அன்று சாயங்காலம் மவுண்ட் ஹாமில்டன் மலைப்பாதையில், உச்சியில் லிக் வானாய்வகம் வரைக்கும் போனோம். நாலாயிரம் ஆர்.பி.எம். தாண்டும்போது மட்டும் தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு, மற்றபடி பழைய சத்தம்தான். எனக்குப் பிடித்திருந்தது. எழுபது வயதில் இப்படி இளிப்பேன் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு மறுபடி வந்தது. டப்பாவுக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது துள்ளிக்கொண்டே இருக்கும். டப்பா ஒழுங்காக வேலை செய்தால் பின்னால் இருப்பது அமைதியாக இருக்கும். இரண்டும் சேர்ந்து துள்ளினால், நடுவில் இருப்பவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். இதற்கும் ஒரு வைத்தியம் விற்கிறார்கள். ஸ்பேஸர் என்று விரல் நீள உலோகத் துண்டு. பின்சென்சாரை அதில் மாட்டினால் அதன் மூக்கு புகையிலிருந்து விலகிவிடும், துள்ளாது. இருபது டாலர். அதை மாட்டியபோதும் டார்ச் பிடித்தவன் நான்தான். விளக்கு அணைந்தது. கைதட்டினேன் என்று ஞாபகம்.

ஒரு வாரம் கழித்து அண்ணா என்னைக் கூப்பிட்டார். "ஏண்டா, காலம்பற பெட்ரோல் வாடை அடிக்கறதே, உனக்குத் தெரியறதா?"

அண்ணா முப்பது வருஷம் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். நுரையீரல் பாதி மணலும் புகையும். இன்ஹேலர் எப்போதும் சட்டைப் பையில். கொஞ்ச நாளாகக் காலையில் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாராம்; இல்லாவிட்டால் பத்து மணி வரை இழுக்கிறதாம். "அவன்கிட்ட சொல்லாதே. ஆசையா வெச்சிண்டிருக்கான். நான் இங்கே விருந்தாளிதானே."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அண்ணா ராத்திரி படுக்கும்போது காதுக்கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். எட்டு மணிக்குத்தான் மாட்டுவார். காலை ஆறரைக்குப் பட்டாளத்து டாங்கியே கிளம்பினாலும் அவருக்குக் கேட்காது. மகன் அப்பாவின் காதைக் காப்பாற்ற சைலன்ஸரைத் தொடவில்லை. அப்பாவுக்கு அந்த நேரத்தில் மூக்கு மட்டும்தான் உண்டு.

வாடைக்குக் காரணம் இருக்கிறது. எந்தக் கன்வெர்ட்டரும் இருநூற்றைம்பது, முன்னூறு டிகிரி சூடு ஏறினால்தான் வேலையைத் துவக்கும். இன்றைய காரின் அழுக்கில் பெரும் பங்கு கிளம்பிய முதல் ஓரிரு நிமிஷத்தில் வெளியேறுவது. ஹைஃப்ளோ என்றாலே மோசம் என்று சொல்லமாட்டேன். துளை குறைவதால் உரசும் பரப்பு குறையும், நல்ல கம்பெனி பூச்சைக் கெட்டியாகக் கொடுத்து ஈடு கட்டும். மலிவுச் சரக்கில் பளபளப்பைத்தான் கெட்டியாகக் கொடுக்கிறார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது. அண்ணாவுக்கு எட்டியது எரியாத பெட்ரோல் மட்டும். கூட எது வந்ததென்று மூக்குக்குத் தெரியாது.

நான் சொல்லவில்லை. பத்து நாள். நாலு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு மாத விருந்தாளி எதைச் சொல்வது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் ஸ்மாக் செக் வந்தது. கலிஃபோர்னியாவில் வயதான கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை. அந்த ஊருக்கு இதில் பழைய வைராக்கியம். 1943-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு நாள் கண் எரிந்து மூச்சு முட்டியபோது, ஜப்பான்காரன் விஷவாயு விட்டுவிட்டான் என்றே பயந்தார்களாம். அது காரும் ஆலையும் விட்ட புகையில் வெயில் பட்டு உண்டானது என்று பின்னால் நிரூபித்தவர் கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் என்கிற டச்சு விஞ்ஞானி. அதற்கு முன் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் வாசனை! 1968-ல் அந்த மாநிலத்தின் காற்று வாரியத்துக்கு முதல் தலைவரானார். கன்வெர்ட்டரில் நம்மவர் பங்கும் உண்டு. கல்கத்தாவில் பிறந்து ஃபோர்டில் வேலை பார்த்த ஹரேன் காந்திக்கு, கார்ப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிகளுக்காக 2002-ம் ஆண்டுக்கான அமெரிக்க தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. நம் ஊருக்கு 1995-ல் வந்தது; சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள், கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலும்.

சோதனைக்காரப் பையன் கம்ப்யூட்டரைச் செருகினான், சரி என்றது. ஸ்பேஸர் உபயம். அப்புறம் ஒரு கண்ணாடியைக் காருக்கடியில் நீட்டி டப்பாவின்மேல் நம்பர் தேடினான். அந்த மாநிலத்தில் வெளிக்கம்பெனி கன்வெர்ட்டர் போட்டால், இன்ன வருஷத்து இன்ன காருக்கு என்று வாரியம் கொடுத்த அனுமதி எண் அதில் பொறித்திருக்கவேண்டும். இல்லை. ஃபெயில்.

அன்று ராத்திரி கராஜில் பையன் சொன்ன யோசனை இது. சிநேகிதன் ஒருத்தனிடம் ஒரிஜினல் டப்பாக்கள் சும்மா இருக்கின்றன. ஒரு வாரத்துக்குக் கேட்டால் தருவான். மாட்டி, பாஸ் பண்ணி, திருப்பிக் கழற்றிக் கொடுத்துவிடலாம். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்களாம். கல்யாணத்துக்கு இரவல் நகை.

"டார்ச் பிடிப்பீங்கதானே சித்தப்பா?"

"உங்கப்பா காலம்பற ஏன் ஜன்னலைச் சாத்தறார், தெரியுமாடா?"

"குளிரும்."

"ஜூலையிலயா?"

வாடை, இழுப்பு, பத்து மணி, விருந்தாளி என்கிற வார்த்தை வரை எல்லாவற்றையும் சொன்னேன். நான் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும். அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான், பெட்டியில் வைத்தான், மறுபடி எடுத்துத் துடைத்தான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அப்பா" என்றான், என்னைப் பார்த்து.

மறுவாரம் அனுமதி எண் பொறித்த டப்பாக்கள் வந்தன. ஆயிரத்துச் சொச்சம் டாலர். பார்க்க மங்கலாக இருந்தன. ஸ்பேஸரைக் கழற்றிக் குப்பையில் போட்டான். விளக்கு வரவில்லை. ஸ்மாக் செக் பாஸ். டைனோவுக்குப் போகவேண்டாமா என்று கேட்டேன். "வேண்டாம், தெரிஞ்சா வருத்தமா இருக்கும்" என்றான். கரகரப்பு போய்விட்டது. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஏழு மணிக்குக் காபியோடு அண்ணா அறைக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே காரைக் காணோம். அரை மணிக்கு முன்பே போயிருந்தான். காதுக்கருவி மேஜைமேல் இருந்தது.

"ஏண்டா, இன்னிக்கு அவன் ஆபீஸ் போகலையா?" என்றார் அண்ணா.