இரண்டு சாவி

பேங்க் லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும் இல்லையா? நம் செல்களும் வளர்வதற்கு முன் இதே கெடுபிடிதான்!

செல்லுக்குள் எம்டார் என்றொரு புரதம். "புரதம் தயாரி, பெரிதாகு" என்று உத்தரவு போடுவது அதுதான். சாப்பிட்டதும் அமினோ அமிலங்கள் அதை லைசோசோமின் மேல் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இது முதல் சாவி. அங்கே ரெப் என்ற குட்டிப் புரதம் அதை முடுக்கிவிட வேண்டும். ஆனால் ரெப்பின் கழுத்தை டிஎஸ்சி பிடித்திருக்கும். இன்சுலின் அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் இரண்டாவது சாவி. ஒன்று மட்டும் இருந்தால் வேலை சரியாக நடக்காது. டிஎஸ்சி பிறவியிலேயே பழுதானால் மூளையில், சிறுநீரகத்தில் கட்டிகள்.

இதற்கு வழிகாட்டியது ஈஸ்டர் தீவு மண். 1964-இல் அள்ளிய அந்த மண்ணின் பாக்டீரியாவிலிருந்து ராபமைசினைப் பிரித்தவர் சுரேன் சேகல். 1980-களில் மாண்ட்ரியல் ஆய்வகத்தை மூடினார்கள். மனுஷர் பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசரில் ஒளித்துவைத்தார், 'சாப்பிடாதே' என்று எழுதி! ராபமைசின் எதைத் தடுக்கிறது என்று ஈஸ்டில் தேடப்போய்த்தான் 1991-இல் மைக்கேல் ஹால் குழுவுக்கு டார் சிக்கியது. 1999-இல் சிறுநீரக மாற்றுக்கு அது அமெரிக்காவில் மருந்தானது.

தனக்கே புற்றுநோய் வந்தபோது சேகல் அதைச் சாப்பிட்டுப் பார்த்தார். 2003-இல் காலமானார்.