பூதிகோட்டை கற்பிக்கும் பாடம்

கோலார் தங்கவயல் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சில் சுரங்கமே தோன்றும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த பூமி அது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கால் ஊன்றிய அத்தொழில், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு முடிவுற்றது. அவ்வரலாற்றை நம் இல்லங்களில் பெரியோர் பலமுறை சொல்லியிருப்பர். அதன் அண்டையிலேயே இருந்தும் நம்மவர் அதிகம் கால் வைக்காத ஓர் ஊரைப் பற்றி இங்குச் சில சொல்ல விழைகிறோம்.

பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் பங்காருப்பேட்டை சந்திப்பில் இறங்க வேண்டும். அங்கிருந்து கிழக்கே பிரியும் கிளைப்பாதை தங்கவயலைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. பேருந்து ஏறித் தெற்கே செல்வோர் பூதிகோட்டையை அடைவர். வழியெங்கும் கேழ்வரகுக் கொல்லைகளும், மாந்தோப்புகளும், பாறைக் குன்றுகளும் மாறி மாறி வருகின்றன. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே கடை வாசலில் கலந்து ஒலிக்கின்றன. ஊரின் அருகே மார்க்கண்டேய ஆற்றைத் தடுத்துக் கட்டிய நீர்த்தேக்கம் உண்டு. அவ்வாறு தமிழகத்துள் புகுந்து தென்பெண்ணையோடு கலப்பதென்பதை அறியும்போது, இவ்வூர் நமக்கு அந்நியமன்று என்ற எண்ணம் உண்டாகிறது.

பூதி என்பது திருநீறு. விபூதிபுரம் என்பதே இவ்வூரின் பழம்பெயர் என்பர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பின்னர் மைசூரை ஆண்ட ஐதர் அலி பிறந்த ஊரும் இதுவே. ஆயினும் நாம் இங்குக் காண வேண்டியது கோட்டை மட்டுமன்று. மக்கள் தம் நலத்தைத் தாமே எண்ணிப் பார்க்கக் கற்ற வரலாறொன்றும் இவ்வட்டாரத்திற்கு உண்டு.

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. முன்னோர் ஏரிகளை நம்பி வாழ்ந்தனர். ஏரிகள் வறண்டபின் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. பூமியின் ஆழத்திலிருந்து வரும் நீரில் பல இடங்களில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்திருக்கிறது. அந்நீரை ஆண்டுக்கணக்கில் பருகிய குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். நாளடைவில் எலும்பும் மூட்டும் நோவெடுக்கும். வெளியூரிலிருந்து ஒரு நாள் வரும் மருத்துவர் மூட்டுவலிக்கு மாத்திரை தந்து செல்வார். அது அவர் குற்றமன்று. எந்த வீட்டார் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கின்றனர் என்பது அவருக்கு எவ்வாறு தெரியும்? நாள்தோறும் குடம் சுமக்கும் பெண்களுக்கு அது தெரியும். அவர்களைக் கேட்பார்தாம் இல்லை.

இவ்வாறு கேட்டறிவதையே ஒரு முறையாக வகுத்தது பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்பது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் சேம்பர்ஸ் இதனை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர். 1980களின் இறுதியில் இந்தியாவில் இது வேரூன்றியபோது, கருநாடகத்தில் இதனைப் பயின்று பிறர்க்கும் பயிற்றிய நிறுவனங்களுள் மைராடா ஒன்று. திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காக 1968ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனம் அது. பூதிகோட்டையை அடுத்த காமசமுத்திரம் வட்டாரத்தில் 1980களின் நடுவில் அதன் பணி நடந்தபோது, பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் நொடித்துப்போக, ஒருவரையொருவர் நம்பும் சிலர் சிறு சிறு குழுக்களாகக் கூடிச் சேமித்தனர். 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி நாடெங்கும் தொடங்கிய சுய உதவிக் குழுத் திட்டத்திற்கு வழிகாட்டிய முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

இம்முறையைக் கற்பதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. கோலப்பொடியும் புளியங்கொட்டையும் ஒரு மரத்து நிழலுமே போதும். முதலில் ஊரார் தரையில் தம் ஊரின் படத்தை வரைவர். தெரு, கிணறு, கோயில், சாக்கடை, துணை சுகாதார நிலையம் எல்லாம் அதில் இடம்பெறும். கைக்குழந்தை உள்ள வீடு எது, நெடுநாள் இருமல் உள்ள வீடு எது என்று கொட்டைகளை வைப்பர். அடுத்து 12 மாதங்களையும் ஒரு வரிசையாக எழுதி, காய்ச்சல் எப்போது, வேலையின்மை எப்போது, கடன் எப்போது என்று அடுக்குவர். நோயும் கையில் காசில்லாத காலமும் ஒரே மாதத்தில் வந்து விழுமாயின், அதை அங்கு கூடிய அனைவரும் கண்ணாரக் காண்பர். பின்னர் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அனைவரும் சேர்ந்து நடந்து, வரைந்ததைச் சரிபார்ப்பர்.

கற்க வருவோர்க்குக் கடினமான பகுதி வேறொன்று. அது வாயை அடக்கி இருத்தல். படம் வரையும் கோலை ஊரார் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி அமர்தல் இம்முறையின் முதல் விதி. படித்தவர் கை அதற்குள் பத்து முறை நீளும். அதனைக் கட்டுப்படுத்துவதே பயிற்சி.

இதில் ஏமாற்றமும் உண்டு. ஊர்ப் பெரியவர் முன்வரிசையில் அமர்ந்தால் அவர் தெருவே படத்தின் நடுவில் வரும். ஒதுக்கப்பட்டோர் வாழும் பகுதி ஓரத்தில் ஒரு புள்ளியாகிவிடும். காலை பத்து மணிக்குக் கூட்டம் கூட்டினால் கூலிக்குச் சென்ற பெண்கள் வர இயலாது. ஆகவே பெண்கள் தனியே, அவர்களுக்கு ஓய்வான வேளையில், அவர்கள் தெருவிலேயே கூடுதல் வேண்டும். வரைந்த படத்தை வந்தவர் தாளில் எழுதி எடுத்துச் சென்றுவிட்டு, ஊருக்கு ஒன்றும் வைக்காமல் போவதும் முறையன்று.

பூதிகோட்டையில் இக்கல்வி இன்னும் ஒரு படி ஏறியது. மைராடாவும் பெங்களூரின் வாய்சஸ் நிறுவனமும் யுனெஸ்கோவின் துணையுடன் இங்கு ‘நம்ம த்வனி’ என்னும் சமுதாய ஒலிபரப்பைத் தொடங்கின. நம் குரல் என்பது அதன் பொருள். அக்காலத்தில் தொண்டு நிறுவனங்கள் வானொலி நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. 2006ஆம் ஆண்டில்தான் அவ்வழி திறந்தது. ஆகவே 2003ஆம் ஆண்டில், தொலைக்காட்சிக்கென வீடுகளுக்குச் சென்ற கேபிள் கம்பி வழியாகவே ஒலியை அனுப்பினர். சுய உதவிக் குழுப் பெண்கள் ஒலிப்பதிவு செய்யக் கற்று, உடல்நலம், உழவு, சேமிப்பு ஆகியவற்றைத் தம் பேச்சு வழக்கிலேயே நிகழ்ச்சிகளாக்கினர். அயலார் எழுதித் தந்த அறிவுரையைக் கேட்பதற்கும், அடுத்த தெருப் பெண் தன் குழந்தையின் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இவற்றை ஏன் நம் சங்க ஏட்டில் எழுதுகிறோம்? பிழைப்பை நாடி வெளியேறிய நாம், பிறந்த ஊரை மறந்தவர் அல்லர். பொங்கலுக்கும் திருவிழாவிற்கும் ஊர் செல்லும்போது மருத்துவ முகாம் நடத்துகிறோம். பணம் திரட்டிக் கட்டடமும் எழுப்புகிறோம். அது நல்ல உள்ளம்தான். ஆனால் முகாம் ஒரு நாளில் முடிகிறது. நீரும் சாக்கடையும் 365 நாளும் இருக்கின்றன. நாம் விட்டுவந்த ஊர் நம் நினைவில் உள்ளவாறே இன்றும் இருப்பதாக எண்ணுகிறோம். அங்கே கிணறு மாறியிருக்கும்; தொழில் மாறியிருக்கும்; நோயும் மாறியிருக்கும்.

ஆதலின் அடுத்த முறை நன்கொடைப் புத்தகத்தைத் திறக்குமுன், ஊரிலுள்ள அக்கா, அண்ணி, சித்தி ஆகியோரை ஒரு மாலைப் பொழுது கூட்டி அமரச் செய்யுங்கள். தரையில் ஊரை வரையச் சொல்லுங்கள். எந்த மாதம் காய்ச்சல் வருகிறது, யார் வீட்டுக்கு மருந்து எட்டுவதில்லை, எதனை முதலில் சீர்செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடை நாம் எண்ணிய கட்டடமாக இராமல், உடைந்த ஒரு குழாயாகவோ மூடப்படாத ஒரு வாய்க்காலாகவோ இருக்கலாம். அதற்கே பணம் தருவோம். கல்வெட்டில் பெயர் பொறிக்க அங்கு இடமிராது. ஆயினும் அவ்வூர்க் குழந்தைகள் நல்ல நீர் பருகுவர்.