உள்ளே போகாதே என்றால், ஏன்?

2008இல் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. லினக்ஸ்தான். கார்டு எப்படி ஓட வேண்டும் என்கிற விவரமெல்லாம் ஒரு ஃபைலில் இருந்தது. டிரைவர் அதைத் திறந்து படிக்கணும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கர்னலில் ஃபில்ப்_ஓப்பன் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதைக் கூப்பிட்டேன். படிக்கிற ஃபங்ஷன் வெளி புரோகிராமின் மெமரியைத்தான் ஏற்றுக்கொள்ளும். செட்_எஃப்எஸ் போட்டு அந்தச் சோதனையை ஏமாற்றினேன். ஓடிச்சி.

கூட வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் அதைப் பார்த்தார். "தம்பி, டிரைவர் உள்ள போயி ஃபைலத் தொடக் கூடாதுப்பா. வாசல்ல நின்னு கேளு, எடுத்தாந்து குடுப்பாங்க" என்றார்.

அவர் மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பு எரிந்தது.

எங்க அம்மா ஊர்த்தெருவில் ஒரு வீட்டுக்கு முப்பது வருசம் களத்துவேலை செய்தவள். நெல்லைத் தூற்றி மூட்டை கட்டுகிறது அவள்தான். மூட்டை வீட்டுக்குள்ளே போகும், அவள் போக முடியாது. கொல்லைப்பக்கம் நின்று முந்தானையை ஏந்துவாள். கூலி நெல் மேலே இருந்து விழும். "உள்ள போனா என்னம்மா ஆவும்?" என்று சின்ன வயசில் கேட்டேன். கன்னத்தில் ஒன்று விட்டாள். "கேக்காதடா" என்றாள். அடித்தது அவளுடைய பயம் என்று பின்னால்தான் விளங்கிச்சி.

அதனால் இந்தத் தடவை விடவில்லை. ஏன் கூடாது என்று கேட்டேன். பெரியவர் கோபப்படவில்லை, செய்தே காட்டினார்.

டிரைவரைக் கர்னலோடு சேர்த்துக் கட்டினார். மெஷின் எழும்போது டிரைவர் முதலில் எழுந்துவிட்டது, அந்த ஃபைல் இருக்கிற டிஸ்க் இன்னும் மவுன்ட் ஆகவில்லை. ஃபைல் இல்லை என்று -2 வந்தது. சரி, பாக்கெட் அனுப்புகிற இடத்தில் படிக்கலாம் என்று மாற்றினேன். அந்த இடத்தில் டிரைவர் தூங்கக் கூடாது. ஃபைல் படிப்பதென்றால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கணும். 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்று கத்திவிட்டு மெஷின் உறைந்து போச்சு. இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு புரோசஸுக்கும் தனி ரூட் இருக்கலாம். அந்த நேரத்தில் எந்தப் புரோசஸ் ஓடுகிறதோ அதன் ரூட்டிலிருந்துதான் பாதை தொடங்கும். நான் ஒரு ஃபைலை நினைத்துத் திறப்பேன், வேறொன்று திறக்கும்.

பிறகு மாற்றி எழுதினேன். அமைப்புகளை வெளியில் ஒரு சின்ன புரோகிராம் படித்து, நெட்லிங்க் வழியாக டிரைவரிடம் கொடுக்கும். சிப்புக்கான ஃபர்ம்வேர் வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர் இருக்கிறது. பெயரை மட்டும் சொன்னால் போதும், வந்து சேரும். கர்னலில் ஃபைல் படிக்காதே என்று கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2005இலேயே 'லினக்ஸ் ஜர்னல்' இதழில் எழுதியிருக்கிறார். நான் பண்ணிய செட்_எஃப்எஸ் தந்திரத்தையும் 2020 டிசம்பரில் வந்த 5.10 கர்னலில், எக்ஸ்86 மெஷின்களுக்கு எடுத்தே விட்டார்கள்.

இதுவும் 'உள்ளே போகாதே' என்கிற விதிதான். ஆனால் இதற்குக் காரணம் உண்டு. சந்தேகமிருந்தால் யாரும் ஓட்டிப் பார்க்கலாம். பெரிய கம்பெனி எழுதிய டிரைவருக்கும் நான் எழுதியதற்கும் இது ஒன்றுதான். கர்னலின் மூலநிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதைப் படிக்கப் போனபோது எந்தத் தெரு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்த வீட்டு வாசப்படிக்கு இதில் எதுவுமே இல்லை. காரணம் கேட்டால் அடி விழும். விதி அவளுக்கு மட்டும்தான், நெல்லுக்குக்கூடக் கிடையாது.

நம்ம பிள்ளைகள் இப்போது இந்த வேலைகளுக்கு வருகிறார்கள். கூடாது என்று யாராவது சொன்னால் பணிந்தும் போக வேண்டாம், பாய்ந்தும் போக வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். காரணம் வந்தால் கற்றுக்கொள்ளுங்கள். காரணம் வராமல் கோபம் வந்தால், அது என்னவென்று நமக்குத் தெரியும்.