ஒரு ‘சி’ எழுத்தைத் தேடி பவேரியாவுக்கு

மியூனிக் மத்திய ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் “பெனடிக்ட்பியூர்ன்” என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். சத்தம் போட்டால் உச்சரிப்பு சரியாகிவிடும் என்று யார்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ! கடைசியில் கைப்பேசியில் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. “ஆ, பெனெடிக்ட்பொய்ர்ன்!”

ஜெர்மன் மொழியில் ஈ, யூ என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் சேர்ந்து வந்தால் ‘ஒய்’. முதல் பாடத்திலேயே வருகிற விதி. வானொலியில் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் உச்சரித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த ஊருக்குப் போவதே உச்சரிப்பு விஷயமாகத்தான். வாசற்படியிலேயே தடுக்கிவிட்டது.

நான் பாடும் கொயரில் இந்த ஆண்டு எடுத்திருப்பது கார்ல் ஓர்ஃப் இசையமைத்த ‘கார்மினா புரானா’. பெயர் தெரியாவிட்டாலும் அதன் தொடக்கக் கோரஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். போர்க்களக் காட்சியோ, விலை உயர்ந்த காரோ, திரையில் ஏதாவது பிரமாண்டமாக வர வேண்டும் என்றால் அதைத்தான் போடுகிறார்கள். 1937ஆம் ஆண்டு ஃபிராங்ஃபர்ட்டில் முதலில் அரங்கேறியது. இசை 20ஆம் நூற்றாண்டு. வரிகளோ ஏறக்குறைய 1230ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு தோல் ஏட்டிலிருந்து வந்தவை. வசந்தம், காதல், குடி, சூதாட்டம், சுழற்றி அடிக்கும் விதி. பெரும்பகுதி லத்தீன், இடையிடையே அந்தக் காலத்து ஜெர்மன், பிரெஞ்சு கொஞ்சம் தொட்டுக்கொள்ள.

“ரேடியோக்காரிதானே, நீயே எல்லாருக்கும் உச்சரிப்பைப் பதிவு செய்து கொடுத்துவிடு” என்றார் எங்கள் கொயர் மாஸ்டர். பெருமையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பதிவு செய்து, ஏறக்குறைய அறுபது பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். லத்தீனை இத்தாலிய முறையிலும், ஜெர்மனை நான் வகுப்பில் கற்ற இன்றைய ஜெர்மனாகவும் வாசித்திருந்தேன். அடுத்த ஒத்திகையில், பேஸ் வரிசையில் நிற்கும் அங்கிள் ஒருவர் தேநீர் நேரத்தில் மெதுவாக அழைத்தார். இளவயதில் ஸ்டுட்கார்ட்டில் படித்தவர் அவர். “ஏம்மா, அழகாத்தான் படிச்சிருக்கே. ஆனா அது இன்னிக்கு ஜெர்மன்மா. எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி யாரும் அப்படிப் பேசலையே?” என்றார். லத்தீன் பற்றியும் அவருக்குச் சந்தேகம் இருந்தது. அறுபது பேர் என் குரலைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நிகழ்ச்சிக்கு எட்டு வாரம். வேலை நிமித்தம் மியூனிக்கில் ஒரு வாரம் இருக்க வேண்டி வந்தபோது, கிடைத்த இரண்டு ஓய்வு நாள்களையும் இதற்கே ஒதுக்கினேன்.

குழப்பத்தின் மையம் ‘சி’ என்ற ரோமன் எழுத்துதான். லத்தீனில் வானத்துக்கு ஒரு சொல் உண்டு. ரோமில் பாதிரியார் சொன்னால் ‘செலும்’. ‘பச்சை’யில் வருகிற அழுத்தமான ச. ஜெர்மானியர் வழக்கத்தில் ‘ட்ஸேலும்’. பழைய ரோமானியர்கள், ஜூலியஸ் சீசர் காலத்தில், ‘கைலும்’ என்றிருப்பார்கள். அவர் பெயரே அவர் வாயில் ‘கைசர்’தான். எழுத்து ஒன்று, ஒலி மூன்று. நமக்கு இது புதிதல்ல. கல், அகம், தங்கம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘க’ ஒவ்வொன்றிலும் வேறாக ஒலிக்கிறது. ஆனால் நம் ‘க’ இடத்தைப் பார்த்து மாறும். லத்தீன் ‘சி’யோ நாட்டைப் பார்த்து மாறுகிறது.

மியூனிக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஸ்டார்ன்பெர்க் ஏரி கூடவே வருகிறது, பிறகு பசும்புல், மாடுகள், திடீரென்று சுவர் எழுப்பியது போல ஆல்ப்ஸ். ரயிலில் பெயரை அறிவித்தபோது உதட்டசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நிலையத்திலிருந்தே மடத்துத் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிகின்றன. உச்சியில் வெங்காயம் கவிழ்த்தது போன்ற கூரை. பின்னால் பெனடிக்டென்வாண்ட் மலை, 1800 மீட்டர். எட்டாம் நூற்றாண்டில் தோன்றிய மடம் இது. 1803ஆம் ஆண்டு பவேரிய அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துகளை எடுத்துக்கொண்டபோது, நூலகத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள் கையில் அந்தத் தோல் ஏடு சிக்கியது. இப்போது இங்கே சலேசிய சபையினர் இருக்கிறார்கள், 1930ஆம் ஆண்டிலிருந்து.

இடையில் இந்தக் கட்டடங்களில் கண்ணாடித் தொழிற்கூடம் நடந்திருக்கிறது. சூரிய ஒளிப்பட்டையில் உள்ள கறுப்புக் கோடுகளை ஆராய்ந்த ஃபிரவுன்ஹோஃபர் வேலை செய்த இடம். பழைய உலைக்கூடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. இயற்பியல் படித்த யாராவது கூட வந்திருந்தால் என்னை அங்கிருந்து கிளப்பியிருக்க முடியாது. நான் ‘சி’யைத் தேடி வந்தவள், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பதில் கிடைத்தது மடத்தை ஒட்டிய உணவகத்தில். பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். நான் இசைத்தாளை விரித்து வைத்து முணுமுணுப்பதைப் பார்த்து அவரே பேச்சுக் கொடுத்தார். ஊர்த் தேவாலயக் கொயரில் சிறுவயது முதல் பாடுகிறவராம். என் கேள்வியைக் கேட்டதும் கையைக் கீழே காட்டி “கெல்லர்” என்றார். பிறகு மேலே, துறவிகள் தங்கும் மாடியைக் காட்டி “ட்ஸெல்லெ” என்றார்.

கெல்லர் என்றால் நிலவறை. ட்ஸெல்லெ என்றால் துறவியின் சிற்றறை. இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து ஜெர்மனுக்கு வந்த சொற்கள். இரண்டுக்கும் மூலத்தில் முதல் எழுத்து ‘சி’. ரோமானியப் படைகளும் வணிகர்களும் நிலவறையைக் கொண்டுவந்த காலத்தில் லத்தீன்காரர்கள் வாயில் ‘க்’ இருந்தது. அதனால் கெல்லர். பல நூற்றாண்டு கழித்து மடங்களோடு சிற்றறை வந்தபோது, இந்தப் பக்கத்தில் ‘ட்ஸ்’ ஆகியிருந்தது. அதனால் ட்ஸெல்லெ. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தின் ஒலி, கடன் வாங்கிய சொல்லுக்குள் பதிவாகிக் கிடக்கிறது. ஊடகப் படிப்பில் மூன்று வருடம் ஒலியைப் பற்றிப் படித்திருக்கிறேன். இப்படி ஒரு பாடம் அங்கே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். அவர் சிறுவனாகப் பாடிய காலத்தில் ஆட்டுக்குட்டிக்கான லத்தீன் சொல் ‘அக்-னுஸ்’. இப்போதைய கொயர் மாஸ்டர் ‘அஞ்ஞுஸ்’ என்று இத்தாலிய பாணியில் கேட்கிறாராம். பள்ளியில் லத்தீன் படிக்கும் பேத்தியோ எல்லா ‘சி’யையும் ‘க்’ என்கிறாள். ஒரே சாப்பாட்டு மேசையில் மூன்று லத்தீன். ரோம் வழக்கம் உலகமெங்கும் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. திருத்தந்தை பத்தாம் பயஸ், 1912ஆம் ஆண்டு பிரான்சின் பூர்ஜ் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் ரோமானிய உச்சரிப்பைப் பாராட்டி, அது பரவ வேண்டும் என்றார். பாடுவதற்கும் அது சுகம். உயிரெழுத்துகள் திறந்து நிற்கும். இத்தாலிய முறையை யாரும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 1230ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையடியில் சூதாட்டப் பாட்டு பாடிய மாணவனுக்கு, அந்தக் கடிதம் வர இன்னும் ஏழு நூற்றாண்டு இருந்தது.

விடைபெறும்போது “குவாத்” என்று சிரித்தார். ‘நல்லது’ என்பதற்கு இன்றைய ஜெர்மன் பாடநூல் ‘கூட்’ என்கிறது. பவேரிய வட்டார வழக்கு ‘குவாத்’. ஏட்டின் காலத்து ஜெர்மனில் அது ‘குவொத்’. அங்கிள் சொன்ன பழைய ஜெர்மன், கொஞ்சம் உருமாறி, பீர்க் குவளையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மியூனிக்கில், லுட்விக் தெருவில் இருக்கும் பவேரிய அரசு நூலகத்தின் வாசல்வரை போனேன். ஏடு இருப்பது அங்கேதான். நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடிய பொருள் அல்ல; பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். முதல் பக்கத்தில் விதிச் சக்கரம், நடுவில் விதியின் தேவி. சில பாட்டுகளின் மேல் கொசுக்கால் போல இசைக்குறிகள். ஆனால் கோடுகள் இல்லை. மெட்டு முன்பே தெரிந்தவருக்கு ஞாபகமூட்ட மட்டுமே அவை உதவும். உச்சரிப்பும் அப்படித்தான், எழுத்துப் பிழைகள் வழியாகக் கசிகிறது. அக்கால ஏடுகளில் ‘டிஐ’ வர வேண்டிய இடத்தில் ‘சிஐ’ எழுதுவார்கள். இரண்டுக்கும் ஒலி ஒன்றாகிவிட்டதால்தான் கை தடுமாறுகிறது. நம் பிள்ளைகள் ‘மழை’யை ‘மளை’ என்று எழுதினால் அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, அதே கணக்கு.

1847ஆம் ஆண்டு இந்த ஏட்டை முதலில் அச்சுக்குக் கொண்டுவந்து, ‘பொய்ர்ன் பாடல்கள்’ என்ற பொருளில் ‘கார்மினா புரானா’ என்று பெயர் சூட்டியவர் ஷ்மெல்லர். பவேரிய வட்டார வழக்குக்கு அகராதி எழுதியவர் அவர். ‘குவாத்’தை மதித்த மனிதர் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஆனால் ஏடு எழுதப்பட்டது அந்த மடத்திலேயே இல்லை என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். மலைக்கு அந்தப் பக்கம், தெற்கு டிரோலிலோ ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவிலோ எழுதியிருக்கலாம். தெற்கு டிரோல் இன்று இத்தாலியில் இருக்கிறது! எங்கள் சொப்ரானோ வரிசையின் இத்தாலியக் கட்சிக்கு இதைச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன். அங்கேயும் பேச்சு ஜெர்மன்தான் என்பது வேறு விஷயம்.

திரும்பும் விமானத்தில் புதிய வழிகாட்டியைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். பழைய ஜெர்மனில் பாதி கஷ்டம் குறில் நெடில்தான். ‘சொல்’ என்ற வினைக்கு இன்று முதல் அசை நெடில், அன்று குறில். எ, ஏ, ஒ, ஓ என்று தனித்தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு இது நாக்கில் தயாராக இருக்கிறது. ‘என்னுடைய’ என்பது இன்று ‘மைன்’, அன்று ‘மீன்’. வீடு இன்று ‘ஹவுஸ்’, அன்று ‘ஹூஸ்’. ‘மீன் ஹூஸ்’ என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு. இந்த மாற்றம் தொடங்கியதே தெற்கு மலைப்பகுதிகளில், 12ஆம் நூற்றாண்டில் என்கிறார்கள். ஆகவே ஏட்டை எழுதியவர் வாயில் மீன் இருந்ததா, மைன் இருந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது. பாடகர்களுக்குப் பாடநூல் வழக்கமான மீனையே கொடுத்தேன்.

தமிழ் எழுத்து காலை வாரியது வேறிடத்தில். க-வா, ga-வா என்று ஆங்கிலத்தில் பிரிப்பதுபோல நம் எழுத்து பிரித்துக் காட்டாது. பாட்டியின் சுலோகப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அதில் எழுத்தின் தலையில் சின்னதாக 2, 3, 4 என்று எண் இருக்கும். ‘கணபதி’யின் க-வுக்கு 3. அதே எண்களை ஜெர்மன் பாட்டின் மேல் போட்டேன். தமிழ் படிக்கத் தெரிந்த ஒன்பது பேருக்கு அந்தப் பிரதி. மற்றவர்களுக்குப் புதிய ஒலிப்பதிவு, முதல் நிமிடத்தில் மன்னிப்போடு.

கொயர் மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். வரிகள் அந்த மலையடியைச் சேர்ந்தவை, இசையமைத்தவரும் மியூனிக்கில் பிறந்து வளர்ந்தவர், ஆகவே ‘ட்ஸ்’தான் என்று தீர்ப்புச் சொன்னார். சொப்ரானோக்கள் முனகினார்கள். அறுபது பேர் ‘ட்ஸ்’ சொல்லும்போது ஒரு மயிரிழை பிசகினாலும் டயரில் காற்று இறங்குவது போலக் கேட்கும். அதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. மெய்யெழுத்தைத் தாளத்துக்குச் சற்று முன்னால் போட்டு, உயிரெழுத்து தாளத்தில் விழ வேண்டும். திரும்பத் திரும்ப. ஒன்பதாவது தடவை எல்லாம் ஒன்றாக விழுந்தது. ஆல்ட்டோ வரிசையிலிருந்து வந்த ஒரே ஒரு ‘ச்’ தவிர.

அங்கிள் திரும்பிப் பார்த்தார். நான் இசைத்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.