உளி தீட்டிய கையில் ஒரு சிவப்புக் கத்தி

லூனாஸில் கத்தி தீட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பால்மரம் சீவிய கை, ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்று குலிம் நண்பர் சொல்லிக்கொண்டே இருந்தார். போனேன். கடையோரத்தில் ஒரு முக்காலி, வாளித் தண்ணீர், சில கற்கள். பட்டறையே அவ்வளவுதான்.

பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் சிறுவயதிலேயே உளி பிடித்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. பிள்ளைகள் குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்க்கிறார்கள். அவர் உளியை விடவில்லை.

பால்மரம் சீவும் ஜெபோங் உளியின் வளைந்த முனையை என் கண்ணெதிரே பிடித்துக் காட்டினார். வளைவின் உட்புறம் தீட்டத் தனியாக மெல்லிய கல் வைத்திருக்கிறார். இரண்டு இழுப்பு, விரலால் ஒரு தடவல், மறுபடி இரண்டு இழுப்பு. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவினால் போதும். உள்ளே கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம்.

"மொட்டை உளியால இழுத்தா புதுப்பட்டை மேடும் பள்ளமுமாத்தான் வளரும் தம்பி. கங்காணி வந்தா மொதல்ல அதைத்தான் பார்ப்பாரு."

 

அதற்குள் ஒரு பையன் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்பு மடக்குக் கத்தியோடு வந்தான். "தாத்தா, இது ஒரிஜினலா?" விக்டோரிநாக்ஸ் என்று போட்டிருந்தது. 1884இல் கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் தொடங்கிய பட்டறை அது. ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியை 1897இல் பதிவு செய்தார்கள்.

பெரியவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. "எழுத்தை எவன் வேணும்னாலும் அடிப்பான்." மடக்கி, வெயிலுக்கு நேரே பிடித்தார். தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் கீறலாகத் தெரிந்தது. பெரிய அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்தார், ஆடியது. மூடும்போது பாதி வழியில் அடைத்துக்கொண்டு, பிறகு சத்தமில்லாமல் விழுந்தது. அசலில் முதுகு வில் இழுத்து டக்கென்று மூடும். சிலுவைச் சின்னம் ஒரு பக்கம் கோணல். கடைசியாகக் கல்லில் நாலு இழுப்பு. விளிம்பில் பிசிறு சுருண்டது, எத்தனை திருப்பியும் உதிரவில்லை. "பச்சை இரும்பு," என்றார்.

பையன் முகம் வாடிவிட்டது. எனக்கு அவன்மேலோ, சாக்கு விரித்து விற்றவன்மேலோ கோபம் வரவில்லை. கொள்கலனில் இறக்கி, பெட்டியும் சின்னமும் ஒட்டி, கைமாற்றிவிடுகிற மொத்த வியாபாரி இருக்கிறானே, அவன்மேல்தான். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி போலிச் சின்னப் பொருளை இறக்குமதி செய்வதும் குற்றம், விற்பதும் குற்றம். சோதனை நாளில் அதிகாரி கையில் சிக்குவது சாக்குக்காரன். மொத்தக்காரன் அன்றைக்கும் குளிரூட்டிய அறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். பால்மரம் சீவியவனுக்குச் சில்லறை, கைமாற்றியவனுக்குக் கட்டுநோட்டு என்று தோட்டத்தில் பார்த்த அதே வரவுசெலவுதான் இதுவும்.

பெரியவர் பையனிடம் கூலி வாங்கவில்லை. நீங்கள் கத்தி வாங்கப் போனால் பெயரையும் பெட்டியையும் விட்டுவிட்டு எல்லா அலகையும் திறந்து மூடிப் பாருங்கள். திறக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.