மான் வரும் பாதை

தூந்திரப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். பாதகமில்லை. இன்றைக்கு அங்கே ஒரு நடை போய்விட்டு வரலாம், வாருங்கள். கம்பளிச் சால்வையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கானடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தின் வடகோடியில் ஜார்ஜ் நதி என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதற்குக் கிழக்கே லாப்ரடார் எல்லை. ஆற்றோரப் பள்ளங்களில் ஒல்லியான ஊசியிலை மரங்கள் கொஞ்சம் தென்படும். மேட்டின் மீது ஏறிவிட்டால் அதுவும் கிடையாது. பாறை, பாசி, ஏரி. மறுபடியும் பாறை, பாசி, ஏரி. கணுக்காலுக்கு மேல் வளரத் துணியாத செடிகள் ஆகஸ்டு கடைசியில் ஒரேயடியாகச் சிவந்து போகும். பூமிக்கே குங்குமம் இட்டாற்போல் இருக்கும்.

இந்த வெளிக்குத்தான் பல வருஷ காலம் காரிபு மானைத் தேடி வேட்டைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஷெபர்வில் என்ற இரும்புச் சுரங்க ஊர் வரைக்கும் ஒரு பிரயாணம். அங்கிருந்து, சக்கரத்துக்குப் பதில் மிதவை பூட்டிய சின்ன ஆகாய விமானம். மூட்டை முடிச்செல்லாம் எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். திரும்பும்போது இறைச்சியும் ஏற வேண்டுமே! ஏதோ ஓர் ஏரியில் விமானம் இறங்கும். கரையில் பலகை அடித்த குடில், கணப்பு அடுப்பு, ஒரு சமையற்காரர், ஒரு வழிகாட்டி. விமானம் கிளம்பிப் போய்விட்டால் அக்கம்பக்கத்தில் ஒரு வீடு, ஒரு கடை, ஒரு பாதை கிடையாது.

வழிகாட்டிக்குத் துப்பாக்கியைவிடக் கண்தான் முக்கியம். குன்றின் மேல் தூரதரிசனிக் கண்ணாடியுடன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, மந்தை எந்தத் துறையில் ஆற்றைக் கடக்கும் என்பதெல்லாம் அவர் கணக்கு. காரிபு சாவதானமாக மேய்ந்துகொண்டே நடப்பது போலத் தோன்றும். ஆனால் மனிதன் துரத்திப் பிடிக்க முடியாது. அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். வராவிட்டால்? வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடக்கும்போது அதன் காலில் நரம்பு எலும்பின் மேல் வழுக்கி 'கிளிக், கிளிக்' என்று சத்தம் போடும். உரோமம் ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்தது; குளிருக்கும் கவசம், நீந்தும்போது மிதவையும் அதுவே. மான் ஜாதியிலேயே பெண்ணுக்கும் கொம்பு உள்ளது இது ஒன்றுதான். பெரிய ஆண்மான்கள் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிட்டு நிற்கும். கர்ப்பிணி மானோ வசந்த காலத்தில் குட்டி போடும் வரைக்கும் அதை வைத்துக்கொள்ளும். பனியைத் தோண்டி அவள் கண்டெடுத்த தீனியை எந்த ஆண்பிள்ளையும் லேசில் பிடுங்க முடியாது. ஆண்டவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான், இல்லையா?

அங்கே வாழும் இன்னு மக்களுக்குக் காரிபு வெறும் உணவல்ல. அவர்களுடைய ஸ்திரீகள் அந்தத் தோலிலேயே அங்கி தைத்து, மீன் சினையில் குழைத்த வண்ணத்தால் கோலம் போல இழை இழையாகச் சித்திரம் தீட்டுவார்கள். ஆண்கள் அதை அணிந்து வேட்டைக்குப் போனால் மான்களின் எஜமானனான தெய்வம் மனம் குளிர்ந்து மந்தையை அனுப்பும் என்று நம்பிக்கை. சித்திரத்தின் சக்தி ஒரு வருஷத்தோடு தீர்ந்துவிடும். மறு வருஷம் புது அங்கி வேண்டும். வேட்டையில் பாதி, வீட்டில் தூரிகை பிடித்தவளுடையது. 1930-களோடு வழக்கொழிந்த அந்த அங்கிகளை இன்று காட்சிசாலைகளில்தான் பார்க்கலாம்.

மான் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை கேளுங்கள். 1903-ல் லியோனிடாஸ் ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், இந்தக் காரிபு வேட்டையை நேரில் பார்க்க வேண்டுமென்று லாப்ரடாருக்குள் புறப்பட்டார். தவறான ஆற்றில் நுழைந்துவிட்டார். வேட்டையும் சரிவரக் கிடைக்கவில்லை. பழைய தோல் காலணியைக்கூட வேகவைத்துத் தின்று பார்த்தார்கள். அக்டோபரில் கூடாரத்துக்குள் பசியாலேயே இறந்துபோனார். கல்யாணமாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை.

அவர் மனைவி மைனா, நர்ஸாக வேலை பார்த்தவர். கணவர் விட்ட இடத்தை முடித்தே தீருவதென்று 1905 ஜூன் மாதம் கிளம்பிவிட்டார்! கணவரோடு போய் உயிர் தப்பிய ஜார்ஜ் எல்சன்தான் அவருக்கும் தலைமை வழிகாட்டி. இன்னும் மூன்று பேர், இரண்டு படகு, பாவாடை, காமிரா, ஒரு வெந்நீர்ப் பை. ஆகஸ்டில், கணவர் பார்க்க ஆசைப்பட்ட அந்தக் காட்சியை அவர் கண்டார்: குன்றுச் சரிவெல்லாம் காரிபு. ஜார்ஜ் நதி வழியே இறங்கி, ஆகஸ்டு 27-ல் அங்காவா விரிகுடாவை எட்டினார். கணவரின் முந்தைய தோழர் ஒருவர் அதே சமயம் தனியாக இன்னொரு கோஷ்டியோடு கிளம்பியிருந்தார். அவர் வந்து சேர்ந்தது அக்டோபரில்தான்.

ஒரு நூற்றாண்டு கழித்து அந்தச் சரிவுகள் என்ன ஆயின? நடுவில் மந்தை மலைக்க வைக்கும்படி பெருகியது. 1984-ல் கனியாபிஸ்கோ நதியைக் கடக்கும்போது சுமார் 10,000 மான்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படியும் பெருக்கம் நிற்கவில்லை. 1993-ல் ஜார்ஜ் நதி மந்தை 7 லட்சத்துக்கும் மேல். 2018-ல் எண்ணியபோது? சுமார் 5,500. அச்சுப் பிழை அல்ல, அம்மா! பிறகு சற்றே ஏறியும் பழைய கணக்கின் கிட்டத்திலும் வரவில்லை.

துப்பாக்கி மட்டும் காரணமென்று சொல்லிவிட முடியாது. மந்தை பெருத்த காலத்தில் மேய்ச்சல் நிலம் தேய்ந்தது. மிதிபட்ட பாசி மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஓநாய், நோய், மாறிவரும் சீதோஷ்ணம் என்று விஞ்ஞானிகள் பல காரணங்களை அடுக்குகிறார்கள். மந்தை இளைத்த பிறகும் வேட்டை நின்றபாடில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2012-ல் கியூபெக் இந்த மந்தையின் மீது பொழுதுபோக்கு வேட்டையை நிறுத்தியது. 2018 பிப்ரவரியிலிருந்து பக்கத்து மந்தைக்கும் அதே கதி. மிதவை விமானம் வேட்டைக்காரரை ஏற்றிப் போன காலம் அங்கே முடிந்தது.

விருந்தாளிகள் வேறு தேசத்துக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் லாப்ரடாரில் 2013-ல் வந்த தடை, அந்த மண்ணின் மக்களுக்கும் சேர்த்துப் போட்ட தடை. ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு; எங்கள் மான், எங்கள் பாட்டன் காலத்துக் கடமை என்று மறுத்த இன்னு மக்களும் உண்டு. அவர்களுடைய பெரியவர்களுக்குச் சட்டத்தைவிடப் பெரிய கவலை வேறு: மானையே பார்த்திராத பேத்திக்குத் தோல் பதனிட எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது?